ஆறுகால் கிறுக்கு

"யம்மா, மாதாவே!"

நான் போட்ட சத்தம் தாராவி முழுக்கக் கேட்டிருக்கும்.

பின்னே? மிளகாய் வத்தல் காஞ்சிருச்சான்னு பாக்க மொட்டை மாடிக்குப் போனா, ஆட்டோ பெரிசுக்கு ஒரு இரும்பு, ஆறு காலை மாத்தி மாத்தி ஊணிக்கிட்டு என்னைப் பாத்து வருது! ஒரு கால் என் வத்தல் மேலயே நிக்குது!

பின்னாடி ரிமோட்டும் கையுமா தனசீலன் அண்ணாச்சி. எங்க பக்கத்து வீட்டுக்காரர், டிராம்பேயில ஃபிட்டர். மூணு வருசமா மாடி மூலையில இரும்பைத் தட்டிக்கிட்டுக் கிடக்குறதால கிறுக்கன்னு பேரு.

"பயப்படாத ஜாக்குலின், நின்னுரும்"ங்காரு. எங்க நிக்குது? அவர் எந்தப் பட்டனை அமுக்கினாலும் அது என் பக்கமே வருது. கடைசியில அவர் சம்சாரம் சேசம்மாள் மதினி ஓடி வந்து ஒரு வயரைப் புடுங்கின பிறகுதான் நின்னுச்சு.

நான் அவர் மேல எரிஞ்சு விழுந்தேன்.

"அம்பது வயசுல என்ன விளையாட்டு அண்ணாச்சி இது? ஒரு உசுரு போயிருக்குமே!"

அவர் தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. "தப்புதாம்மா. போன மாசம் வரைக்கும் நொண்டிக்கிட்டுக் கிடந்துச்சு. இப்பத்தான் ஆறு காலும் ஒழுங்கா நடக்குது. அந்தச் சந்தோசத்துல..."

மதினி என் வத்தலைப் பொறுக்கிக்கிட்டு இருந்தா. விரலெல்லாம் சூட்டுக் கொப்புளம். பாத்ததும் எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. பொண்டாட்டியையும் எடுபிடி ஆக்கிட்டாரே இந்த மனுசன்!

விடுவேனா நான்? ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்ச கையோட எங்க குடியிருப்பு சொசைட்டி மீட்டிங் கூட்ட வச்சிட்டேன். ஆளாளுக்கு அண்ணாச்சியைக் கிழி கிழின்னு கிழிச்சாங்க.

"ஒரு மாசம் டயம் குடுங்க, வேற இடம் பாத்துடுதேன்"னு கெஞ்சினாரு.

செக்ரட்டரி பூலோகம் மசியலை. "பழைய இரும்பு எடுக்குற பங்கார்வாலாகிட்ட சொல்லியாச்சு. இன்னிக்குச் சாயங்காலமே வெட்டி எடுத்துட்டுப் போயிருவான்."

எனக்கு அதுவும் போதலை. "எல்லாரும் மதினி கையைப் பாருங்க! காட்கோபர்ல பகல் பூரா மோட்டாருக்குக் காயில் சுத்திட்டு வாரா. வீட்டுக்கு வந்தா இவருக்கு வேலை. புருசன் கிறுக்குக்குப் பொண்டாட்டி வேகணுமா? அவ வாயில்லாப்பூச்சி, கேக்க நாதியில்ல!"

சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துட்டு.

அப்பத்தான் மதினி எந்திரிச்சா.

"அதை வெட்டாதீங்க. அவரையும் ஏசாதீங்க. அது நான் செஞ்சது."

எல்லாரும் அவ பக்கம் திரும்பினாங்க.

"பன்னெண்டு வருசமா ஊரார் மோட்டாரைத்தான் சுத்துதேன். நான் சுத்தின மோட்டார்ல ஒண்ணு எந்திரிச்சு நடக்கணும்னு ஒரு ஆசை. மூணு கால் ஊணி நிக்கும்போது மத்த மூணும் தூக்கணும். அது சரியா அமையவே மூணு வருசம் ஆச்சு. மாத்தி மாத்திப் பிரிச்சு மாட்டினேன். அவர் இரும்பைத் தூக்கித் தந்ததோட சரி."

பூலோகமே போனை எடுத்து, "ஆஜ் நஹி பாய், மத் ஆனா"ன்னு, இன்னிக்கு வரவேண்டாம்னு பங்கார்வாலாவை நிறுத்திட்டாரு.

எனக்குத்தான் தலை சுத்துது. இவளா? வெல்டிங்கு, வயரு, ஆறு காலு எல்லாம் இவளா? வாய் என்னை மீறிக்கிட்டு வந்துட்டு.

"ஏன் மதினி, வீடு வாசலைப் பாக்காம, ஒரு பொம்பளைக்கு இதெல்லாம் தேவையா?"

நாலு பேர் ஆமான்னு தலையாட்டினாங்க.

அதுவரைக்கும் ஒரு வார்த்தை எதுத்துப் பேசாத அண்ணாச்சி என்னை நேருக்கு நேரா பாத்தாரு.

"இந்தப் பேச்சு அவ காதுல விழக்கூடாதுன்னுதாம்மா, மூணு வருசமா நான் கிறுக்கன்னு பேர் வாங்கிக்கிட்டு இருந்தேன்."