சங்கிலியைத் தூக்கும் கை

எஸ்தர் தன் கணவன் தாவீதின் மலைச் சைக்கிளைப் பட்டறைக்குள் தள்ளிக்கொண்டு வந்தாள். அவனைப் புதைத்து ஒன்பது நாள் ஆகியிருந்தது.

“குடிச்சிட்டு இறக்கத்துல சைக்கிளோட விழுந்தார்னு ஊரே பேசுது. பிரேக் ஏன் பிடிக்கலைன்னு மட்டும் சொல்லுங்கண்ணே.”

மெக்கானிக் நல்லமுத்துவுக்கு விளக்கிச் சொல்வதென்றால் பசி தெரியாது. சைக்கிளைக் கொக்கியில் மாட்டினார்.

“இதுல கம்பி பிரேக் கிடையாதும்மா. பெடலைப் பின்னால மிதிச்சா சங்கிலி இழுத்து, பின் சக்கரம் நிக்கும். முன்னால மிதிக்கும்போது சங்கிலியோட மேல்பக்கம் விறைக்கும், கீழ்ப்பக்கம் தொங்கும். பின்னால மிதிச்சா கீழ்ப்பக்கம் விறைக்கும்.”

தொங்கும் அந்தக் கீழ்ப்பக்கத்தை, ஸ்பிரிங் வைத்த சின்ன இரும்புக் கை ஒன்று மேலே தூக்கிப் பிடித்திருந்தது.

“கீழ்ப்பக்கம் விறைச்சா இந்தக் கை என்னாகும்?”

“சங்கிலி அதை அமுக்கும். கை மடங்கிடும். மடங்கினா சங்கிலி கழண்டு...” அவர் நிறுத்திக்கொண்டார்.

எஸ்தர் பெடலைப் பின்னோக்கி அழுத்தினாள். கை மடங்கியது. சங்கிலி பல்சக்கரத்திலிருந்து கழன்று தொங்கியது. பெடல் சும்மா சுற்றியது.

“சங்கிலி கடகடங்குதுன்னு போன மாசம் வந்தாரே. இந்தக் கை அப்ப நீங்க மாட்டினதுதானே?”

நல்லமுத்து ஸ்பேனரை எடுத்தார்.

“கழட்டாதீங்கண்ணே. அவரோட அம்மா வெளிய நிக்கிறாங்க. எனக்குச் சொன்ன மாதிரியே அவங்களுக்கும் பொறுமையா சொல்லுங்க.”

அவள் வாசலுக்குப் போய், மாமியாரைக் கைபிடித்து உள்ளே அழைத்துவந்தாள்.