பாக்கியநாதனுக்கு அழுத அழுகை

பொம்மை காயப்போடும் நீளப் பலகையில் பாக்கியநாதன் பிணமாகப் படுத்திருந்தான். அவன் தலைமாட்டில் உட்கார்ந்து, காத்தவராயனின் பெண்டாட்டி கொளஞ்சியம்மாள் மாரில் அடித்துக்கொண்டு அழுதாள்.

காத்தவராயன் கேமராவுக்குப் பின்னால் நின்று பல்லைக் கடித்தான்.

காலேஜ் பிள்ளைகள் நாலு பேர் சேர்ந்து எடுக்கிற படம். முழுப்படம் ஒன்றும் இல்லை. ஒரு கொலை, ஒரு துரத்தல், ஒரு அழுகை, மொத்தம் மூன்று நிமிஷம். வாத்தியார் அதைப் பார்த்து மார்க் போடுவாராம். அழுகைக்கெல்லாம் மார்க் போடுகிற படிப்பு என்ன படிப்போ. கொலைகாரன் சூளையைச் சுற்றி ஓடுவதைக் காலையிலேயே எடுத்துவிட்டார்கள். செத்தவனின் பெண்டாட்டி ஓடிவந்து பிணத்தைப் பார்க்கிற இடம்தான் பாக்கி. டேப் கேமரா ஒரு நாள் வாடகை. பொழுது சாய்வதற்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் பீங்கான் கொட்டகையில் வேலை இல்லை. எதுவும் உடையாமல் பார்த்துக்கொள் என்று முதலாளி காத்தவராயனைக் காவலுக்கு வைத்திருந்தார். அவன் பொம்மைகளைப் பார்க்கவே இல்லை.

பாக்கியநாதன் சூளைக்குத் தீ பார்க்கிறவன். பெண்டாட்டி செத்து ஆறு வருஷம் ஆகிறது. இன்னமும் மீசைக்கு மை தடவுகிறான். ஞாயிறானால் இஸ்திரிச் சட்டை. கேட்டால் கோயிலுக்கு என்பான். காத்தவராயன் அதை ஒருநாளும் நம்பினதில்லை.

நேற்று பிள்ளைகள் வந்து பேசியபோது காத்தவராயன் சேத்தியாத்தோப்புக்குப் போயிருந்தான். திரும்பி வந்ததும் கொளஞ்சியம்மாள் விஷயத்தைச் சொன்னாள். பாக்கியநாதன் புருஷனாம், இவள் பெண்டாட்டியாம்.

"ஏன், நான் படுத்தா பொணம் மாதிரி இருக்காதா?"

"நீ வேணாம்."

அவ்வளவுதான். முறத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அந்த வார்த்தை தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றுகொண்டது. ராத்திரிச் சோற்றில் கல் கடிபட்டதும், வழக்கம்போல் தட்டை விட்டெறிந்தான்.

காலையில் நடந்தது அதைவிட மோசம். டைரக்டர் பெண் சிவசங்கரி பாக்கியநாதனுக்குப் பவுடர் அப்பிப் பார்த்தாள். பிணக்களை வரவில்லை, கல்யாண மாப்பிள்ளைக் களைதான் வந்தது. கொளஞ்சியம்மாள் வெள்ளைக் களிமண்ணைக் கரைத்து எடுத்துவந்து, அவன் நெற்றி, கன்னம், மூக்குத்தண்டு என்று விரலால் தடவிவிட்டாள். அவசரமே இல்லை. பொம்மைக்குப் பிசிறு சீவுகிற அதே நிதானம். கட்டிக்கொண்டு முப்பத்தொரு வருஷம் ஆகிறது. காய்ச்சல் வந்த நாளைத் தவிர காத்தவராயன் முகத்தில் அந்தக் கை பட்டதில்லை.

இப்போது அழுகிறாள் பாருங்கள். கண்ணீர் வரவைக்க மருந்து வாங்கி வைத்திருந்தார்கள். பாட்டிலின் மூடியைத் திறக்க வேண்டியே வரவில்லை.

"சோத்துல கல்லு கெடந்தா தட்ட வுட்டெறிவியே... இப்ப வெறுந்தட்டு கெடக்குதே, ஒரு சத்தத்தக் காணலியே..."

பாக்கியநாதன் தட்டை விட்டெறிவான் என்று இவளுக்கு யார் சொன்னது?

"வேப்பூரு பஸ்ஸுல எனக்கு எடம் புடிச்சிக் குடுத்துட்டு, நீ நின்னுகிட்டே வருவியே..."

வேப்பூர் பஸ்ஸா? இரண்டு பேரும் எப்போது வேப்பூர் போனார்கள்? காத்தவராயன் மனதுக்குள் மாதம் மாதமாகப் பின்னோக்கித் தேடினான். ஒன்றும் பிடிபடவில்லை. பிடிபடாததே பெரிய சாட்சியாகப் பட்டது.

கேமரா பிடித்த ஜெரின் தோள்பட்டையில் கண்ணைத் துடைத்துக்கொண்டான். சிவசங்கரி "கட்" சொன்னாள்.

"சூப்பரும்மா. இன்னொரு தடவ கிட்டக்க வச்சி எடுத்துக்குறோம். இப்ப அய்யா நெஞ்சுல சாஞ்சி அழுவுங்க."

நெஞ்சில்.

காத்தவராயன் நாலே எட்டில் பலகைக்குப் போய், பாக்கியநாதனின் தோளைப் பிடித்துப் புரட்டினான். பிணம் தொப்பென்று தரையில் விழுந்து, "அய்யோ, இடுப்பு" என்றது.

காலியான பலகையில் இவன் ஏறிப் படுத்தான். கைகளை நெஞ்சின்மேல் கோத்து, கண்ணை மூடிக்கொண்டான்.

"நான் செத்துட்டன். இப்ப அழுவு, பாக்கலாம்."

காத்திருந்தான். ஒரு விசும்பலாவது வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தான். அடுத்தவனுக்கு ஆறாகப் பெருகியது, தனக்கு ஒரு சொட்டு இல்லை. ஆக, நினைத்தது சரிதான். தெரிந்துகொண்டதில் அவனுக்குச் சந்தோஷம் இல்லை.

ஒரு கை அவன் தலைமயிரைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கியது.

"ஏந்திரிய்யா. ஏந்திரின்றன் இல்ல."

கொளஞ்சியம்மாள்தான். அவனைத் தரையில் இறக்கி நிறுத்திவிட்டு, சிவசங்கரி பக்கம் திரும்பினாள்.

"நேத்தே சொன்னனா இல்லியா பாப்பா? இவரு பேர எழுதுனப்பவே அடிக்கச் சொன்னனா இல்லியா? பொண்டாட்டி உசுரோட இருக்குற எந்த ஆம்பளையும் வேணாம், தனிக்கட்டையா ஒருத்தரப் பாருன்னு சொன்னனா இல்லியா? தாலி கட்டுனவனுக்கு நடிப்புக்குக்கூட ஒப்பாரி வைக்கலாமா?"

"சொன்னீங்கம்மா," என்றாள் சிவசங்கரி, மெதுவாக.

"எனக்குன்னா பரவால்ல, அப்படித்தான?" என்றான் தரையில் கிடந்த பாக்கியநாதன்.

கொளஞ்சியம்மாள் குனிந்து புருஷனின் காலடியிலிருந்து ஒரு பிடி மண் எடுத்தாள். பலகையில் படுத்த தோஷம் போக, அதை அவன் தலைக்கு மேல் இடமும் வலமுமாகச் சுற்றினாள்.

காத்தவராயனுக்கு இன்னும் ஒரு கணக்கு நேராகவில்லை.

"அப்ப யார நெனச்சித்தான் அந்த அழுவ அழுவுன?"

அவள் மண்ணை மூடிய கையை அவன் வாய்க்கு நேரே நீட்டினாள்.

"துப்பு. மூணு தடவ."