தவளை வயிற்றில் தங்க வட்டம்

கண்காட்சி அரங்கின் வெள்ளை வெளிச்சத்தில், கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் கம்பெனிக்காரப் பெண் ஒற்றைக்கண் துணித் தவளையை எடுத்து மெதுவாகப் புரட்டுகிறாள். வீடியோ கேமில் இந்தத் தவளையைப் படைத்தது அவளுடைய கம்பெனி. அதைப் பார்த்துத் தைத்து மேசைமேல் விற்பனைக்கு உட்கார வைத்திருப்பவள் எதிரே நிற்கும் தையல்காரி. தவளையின் வயிற்றில் விளையாட்டின் பெயரும், பக்கத்திலேயே வட்டத்துக்குள் குட்டி எழுத்தாக டிரேட்மார்க் குறியும் தங்க நூலில் மின்னுகின்றன. “இதெல்லாம் யாரு போட்டது?” தையல்காரி பக்கத்தில் கை காட்டுகிறாள். “என் வீட்டுக்காரருங்க. அச்சு அசலா இருக்கட்டும்னு...” பக்கத்தில் நிற்கும் கணவன் தலையைச் சொறிகிறான். “அந்த வட்டத்தைப் போடறதுக்குள்ள கண்ணே பூத்துப்போச்சுங்க.” வந்தவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்குகிறாள். “ரசிகருங்க கையால தைச்சு விக்கறதுக்கு எங்க கம்பெனி அனுமதி குடுக்குது. பேரும் குறியும் மட்டும் கூடாது. அதைப் பிரிச்சுடுங்க, போதும்.” “வயித்துல பால வார்த்தீங்கம்மா!” தையல்காரி கும்பிட, கம்பெனிக்காரப் பெண் கூட்டத்தில் மறைகிறாள். தையல்காரி கத்தரி நுனியால் நூலை நெம்புகிறாள்; மேசை விரிப்பில் தங்கத் துணுக்குகள் உதிர்கின்றன. ஊசி குத்திய தடங்களைக் கட்டைவிரலால் தேய்க்கும்போதுதான் அவளுக்கு மூச்சு சீராகிறது. அந்நேரம் வாட்டசாட்டமான தாடிக்காரன் ஒருவன் ஓடிவந்து, வெறும் வயிற்றுத் தவளையை மார்போடு அணைத்துக்கொண்டு விளையாட்டின் பெயரை உரக்கச் சொல்கிறான். “அதுல வர்ற தவளைதானே இது?” கணவன் ஆசையாக வாயைத் திறக்கிறான். தையல்காரி மேசைக்கடியில் அவன் காலை மிதிக்கிறாள். “நீங்க சொன்னா சரிதாங்க.”