புகாரில் இரண்டாவது பெயர்

மேசை மேல் இருந்த பாட்டிலைச் சர்பத் என்று நினைத்து, "இதெல்லாம் எதுக்கும்மா?" என்று நகர்த்தி வைத்தார் புகார் வாங்க வந்திருந்த மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி.

"குடிக்கறதுக்கு இல்லீங்க சாமி," என்றாள் வேலாத்தாள். "எங்கூர்க் கெணத்துத் தண்ணிங்க. காலையில எறச்சது."

அதிகாரி பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். அசல் ரோஜா நிறம்.

ஊராட்சி அலுவலகத்தில் நிற்க இடமில்லை. திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குச் சாயம் ஏற்ற 2004இல் அந்த ஊருக்கு வந்தது பட்டறை. இரண்டு வருடமாக எல்லோருக்கும் அதன் மேல் ஆத்திரம்தான். புகார் கொடுக்கத்தான் ஆள் இல்லை. இன்றைக்கு வேலாத்தாள் வாயைத் திறந்துவிட்டாள்.

"சாயத் தண்ணிய மண்ணுக்கடியில பைப் போட்டு, வத்திப்போன போர்ல எறக்கறானுங்க. எட்டுக் கெணறு போச்சுங்க. இந்தா நிக்கறாளே குப்பாயி, இவ சினை மாடு அந்தத் தண்ணியக் குடிச்சு நுரை தள்ளிச் செத்துச்சு. புள்ளைக்கு ஒடம்பெல்லாம் புண்ணு."

"போர்லயா?" குப்பாயி திகைத்தாள். "எந்தப் போர்லன்னே தெரியலீங்களே அக்கா!"

அதிகாரி எழுதி முடித்தார். "பட்டறை ஓனர் பேரு எழுதியாச்சு. போதுமா?"

"எப்படிங்க போதும்?" வேலாத்தாள் மேசையில் அறைந்தாள். "சும்மாதான கெடக்குதுன்னு தன்னோட போரை அவனுக்கு உட்ட பாவிய உட்டுருவீங்களா? அந்தப் பேரையும் எழுதுங்க!"

மகன் பூபாலன் பதறிப்போய் அவள் கையைப் பிடித்தான். "அம்மா, அது வேண்டாங்கம்மா. ஓனரு பேரு போதும். வாங்க, ஊட்டுக்குப் போலாம்."

"கையை உடுடா! ஊரையே நஞ்சாக்கிப்போட்டு, பேரை மட்டும் மூடி வெக்கச் சொல்றயா?"

பூபாலன் தலையைக் குனிந்துகொண்டான். கூட்டத்தின் கண்ணெல்லாம் அவன் மேல் திரும்பியது. குப்பாயி அவனை எரித்துவிடுவதுபோல் பார்த்தாள். "அடப்பாவி, நீயா?" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள்.

அதிகாரி பேனாவை நிறுத்தினார். "யோசிச்சுச் சொல்லுங்கம்மா. எழுதினா அவங்க மேலயும் கேஸ். ஜெயிலுக்குக்கூடப் போக வேண்டி வரும். அப்புறம் வந்து அழுதா நான் ஒண்ணும் பண்ண முடியாது."

"யோசிச்சு யோசிச்சுத்தானுங்க ரெண்டு வருசம் போச்சு."

வேலாத்தாள் குப்பாயியின் முகத்தை ஒருமுறை நேராகப் பார்த்தாள். பிறகு அதிகாரி பக்கம் திரும்பினாள்.

"எழுதுங்க சாமி. வேலாத்தாள்."