சுவரில் எழுதிய நத்தை

தோட்டத்து நத்தைகளுக்குத் தலைவர் தேர்தல் வந்தது. வெயில் முற்றுவதற்குள் எந்த ஈரத்துக்குப் போய்ச் சேர்வது என்பதுதான் எல்லோருக்கும் கவலை. போட்டியிட்ட இருவரில் கோணையன், மனசில் பட்டதையெல்லாம் மதில் சுவரில் ஊர்ந்து ஊர்ந்தே எழுதினான். "கிணற்றடிக்குப் போவோம்" என்று முதலில் எழுதினான். மறுநாள், "போய்ப் பார்த்தேன், அங்கே உப்பு கொட்டிக் கிடக்கிறது. நான் சொன்னது தப்பு. வாழைத்தோப்புக்குப் போவோம்" என்று எழுதி, வழியையும் எழுதினான்.

எதிர்த்து நின்ற தடியோடன் ஒரு வரிகூட எழுதவில்லை. "பாத்தீங்களாய்யா, நேத்து ஒரு பேச்சு, இன்னிக்கு ஒரு பேச்சு! நான் எழுதினதுல ஒரு தப்பு காட்டுங்க பாப்போம்" என்றான். யாராலும் காட்ட முடியவில்லை. அவனே ஜெயித்தான்.

கோணையன் சுவர் மூலையில் ஒடுங்கிக்கொண்டான். பேசாமல் சும்மா இருந்திருக்கலாமோ என்று அவனுக்குத் தோன்றியது.

வெயில் கொளுத்தியது. "தலைவரே, எங்க போறது?" என்று எல்லோரும் கேட்டார்கள். "யோசிச்சுச் சொல்றேன்" என்று தலைவர் ஓட்டுக்குள் போய்விட்டார். நத்தைகள் ஒவ்வொன்றாகச் சுவரைப் படித்துவிட்டு வாழைத்தோப்புப் பக்கம் நகர்ந்தன.

கடைசியில் தலைவரும் சுவர் மூலைக்குக் கோணையனிடம் வந்தார். அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு, "அண்ணே, அந்த வாழைத்தோப்பு வரியை அழிச்சிடலையே?" என்று மெல்லக் கேட்டார்.

"எதையுமே அழிக்கலை தம்பி. தப்பா எழுதினதும் மேலேயே இருக்கு. பாத்துப் படிங்க."