எதிர்ப்பாட்டு

“யார் எழுதினதுன்னு மட்டும் சொல்லு தம்பி. நான் ஒண்ணும் பண்ண மாட்டேன்” என்றாள் அந்தத் தாய். அவள் கையில் கத்தி இருந்தது. முன்னால் பாதி நறுக்கிய பீன்ஸ்.

அவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். எல்லோரும் அவரை ‘மாஸ்டர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். ராப் என்றால் வாய்க்கு வந்த உளறல் என்று பெரிய கம்பெனிகள் கதவைச் சாத்திய காலத்தில், ஒரு டயர் கடையின் மாடியில், சுவரெல்லாம் பழைய மெத்தைகளை ஆணியடித்து, அந்தப் பாட்டுக்கென்றே முதல் கம்பெனி தொடங்கியவர். அங்கே முதன்முதலில் பதிவான குரல் இவள் மகனுடையது. ‘உளி’ என்று பட்டப்பெயர் வைத்ததும் அவர்தான்.

உளி இறந்து இன்றோடு இருபது நாள்.

ஆறு மாதமாக அவனுக்கும் அதே கம்பெனியில் பாடும் ‘தோட்டா’ என்ற இன்னொரு பாடகனுக்கும் பாட்டிலேயே சண்டை. இவன் ஒன்று பாட, அவன் எதிர்ப்பாட்டு பாட, அரங்கங்கள் நிரம்பி வழிந்தன. கடைசி நிகழ்ச்சியில் இருவரின் ரசிகர்களும் கைகலக்க, விலக்கிவிடப் போன உளியின் வயிற்றில் எவனுடைய கத்தியோ இறங்கிவிட்டது.

“என்னைத் திட்டியிருந்தா தொடச்சிப் போட்டுட்டுப் போயிருப்பேன். செத்த மனுஷனை எதுக்கு இழுக்கணும்? ‘பொண்டாட்டி செருப்பை மாட்டிக்கிட்டு வாய்க்கால்ல செத்துக் கெடந்தான் உங்கப்பன்’னு தோட்டா பாடுறான். அதைக் கேட்டுதானே ரெண்டு பக்கமும் வெறி புடிச்சுது?”

“ஆமாக்கா.”

“அது நிஜம் தம்பி. குடிச்சிட்டு என் செருப்பை ஒரு கால்ல மாட்டிட்டுப் போயிருந்தாரு. ஆளுங்க வர்றதுக்குள்ள நானே கழட்டி எறிஞ்சிட்டேன். பாத்தது நானும் என் பையனும்தான். அப்போ அவனுக்கு எட்டு வயசு. தோட்டாவுக்கு எப்படித் தெரியும்? என் பையன் மனசுவிட்டுப் பேசுற ஒரே ஆளு நீதான்.”

கத்தியைக் கீழே வைத்தாள். “நீதானே எழுதிக் குடுத்தே?”

மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

“ஆமாக்கா. சண்டைன்னாதான் கூட்டம் வரும்னு... நான்தான் எழுதினேன்.”

அவள் கத்தவில்லை. எழுந்துபோய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள். “நீ நாசமாப் போவே. இனிமே இந்த வாசப்படியை மிதிக்காதே.”

வெளியே மாடிப்படியில் அவர் மனைவி நின்றிருந்தாள். கம்பெனியில் ஒலிப்பதிவு அவள் பொறுப்பு; அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் அங்கேயே நின்றுவிட்டவள். கதவு அறைந்து சாத்தப்பட்டதும் அவர் சட்டையைப் பிடித்தாள்.

“எல்லாம் கேட்டுச்சு. அவன் அப்பாவைப் பத்தி நீங்களா எழுதினீங்க? மனுஷன்தானா நீங்க?”

“சண்டை போடுங்கடான்னு சொன்னது நான். அந்தப் பாவம் என்னோடதுதான்.”

“நான் கேட்டது அதில்ல. எழுதினது யாரு?”

அவர் மூடிய கதவைத் திரும்பிப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“உளிதான். ரெண்டு பேருக்கும் அவனேதான் எழுதினான்.”