நான்காவது கூறு

சிநேகா மட்டும் களிமண்ணைத் தொடவே இல்லை. குழுவில் மற்ற மூவரும் முழங்கை வரை சேறாக இருந்தார்கள். அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, சன்னல் வழியே கடலையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

பரிமளா டீச்சருக்கு மனசு ஆறவில்லை. நீண்ட விடுப்பு முடிந்து வந்த நாளிலிருந்து பார்க்கிறாள், மூன்றாம் வகுப்பில் யாருமே இந்தக் குழந்தையைச் சேர்த்துக்கொள்வதில்லை. குழுவாக வேலை செய்யப் பழக்குவதற்காகத்தான் இன்றைக்கு இந்த விளையாட்டு. களிமண்ணில் மீன் செய்ய வேண்டும். பிறகு கரையில் அப்பாக்கள் செய்வதுபோல் பங்கு பிரிக்க வேண்டும்.

“அவளை விட்டுட்டு நீங்க மூணு பேரே செஞ்சா அது குழுவா?”

ஹேமந்த் முதலில் டீச்சரின் முகத்தைப் பார்த்தான். அவள் பார்வை எங்கே போய் நிற்கிறதென்று பார்த்தான். அப்புறம்தான் அந்தப் பக்கம் திரும்பினான்.

“இன்னா சிநேகா, வாலு ஒட்டறியா?”

சிநேகா சன்னல் பக்கமாக இன்னும் கொஞ்சம் சாய்ந்துகொண்டாள்.

“வல இழுக்காம சும்மா குந்திகினு கீறவங்களுக்கு எங்க போட்டுல பங்கே கெடையாது,” என்று இளித்தான் குமார். ஜெபா அவன் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள்.

“ஆ! கிள்றா டீச்சர்!”

“கிள்ளட்டும். ஏன்டா, உடம்பு முடியாம கரையில நின்னுட்டவங்க வீட்டுக்கும் பங்கு போகுதா இல்லையா?”

“போவுது டீச்சர்,” என்றான் குமார், தொடையைத் தடவிக்கொண்டே.

“அப்ப யாரையும் விடக் கூடாது. அதுதான் குழு.”

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு தலைகளை நெருக்கிவைத்துக் குசுகுசுத்தார்கள்.

சிநேகாவின் பின்னலிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஈரத் தலையோடு இப்படிக் காற்றில் உட்கார்ந்தால் சளி பிடிக்காதா? பரிமளாவின் கை தானாக முந்தானையைத் தேடியது. இரண்டடி எடுத்து வைத்தவள், ஏனோ அதற்குமேல் போகப் பயந்து நின்றாள். கிட்டே போனால் எப்போதும் இந்தக் குழந்தை எழுந்து எங்கேயோ போய்விடுகிறது.

மணி அடித்தது. தரையில் விரித்த செய்தித்தாளில் நான்கு கூறுகள் இருந்தன. குமாரும் ஜெபாவும் ஹேமந்தும் ஆளுக்கொரு கூறை ஓரமாக நகர்த்திக்கொண்டார்கள். நான்காவது கூறில்தான் மீன்கள் பெரிசு பெரிசாக இருந்தன.

பிள்ளைகள் கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

“சிநேகா, உன் பங்கு வந்திருக்கு பாரு. எடுத்துக்கோம்மா.”

அவள் திரும்பவில்லை. ஹேமந்த் அந்தக் கூறை இரண்டு கைகளாலும் அள்ளினான். நேராக டீச்சரிடம் வந்து, அவள் உள்ளங்கையை விரித்து, ஒவ்வொரு மீனாக வைத்தான். களிமண் சில்லென்றிருந்தது.

“என்கிட்ட ஏன்டா தர்றே? அவகிட்ட குடு.”

ஹேமந்த் தலையைக் குனிந்துகொண்டான். ஜெபாதான் மெதுவாகச் சொன்னாள்:

“கடல் இட்டுக்கினு போனவங்க பங்கு அவங்க அம்மாவுக்குத்தானே டீச்சர்?”